ஞாபகமும் மறதியும்: இங்கிலீஷ் வழக்கிலே

ஒரு பாஷையைக் கற்பதென்பது அதன் அகராதியைக் கற்பதன்று. அகராதியிலே சொற்கள், பந்தியில் முன்பின் அறியாதவர்கள் உட்கார்ந்திருப்பதுபோலத் தனித்தனியே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பேச்சிலேயோ அவை ஒன்றோடொன்று உறவுகொண்டு, அகராதி எழுதியவர் சொப்பனத்திலும் எண்ணாத அர்த்தங்களைத் தருகின்றன. இப்படிச் சொல்லுக்கு அப்பாற்பட்ட பொருளைத் தரும் தொடர்களை இங்கிலீஷில் ‘இடியம்’ என்பார்கள். நாம் மரபுத்தொடர் என்கிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்கள் பட்டியலாகவே அளிக்கப்படுகின்றன. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். பிள்ளை இரண்டையும் உருப்போட்டுப் பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு, அடுத்த வாரமே கைகழுவிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வாறு மறக்கப்படும் தொடர்களிலே மறதியைப் பற்றியவையும் ஞாபகத்தைப் பற்றியவையுமே அநேகம்! அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் என்ன சித்திரம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். சித்திரம் கண்ணுக்குப் புலப்பட்டுவிட்டால் உருப்போடும் சிரமம் பாதி குறைந்துவிடும். பரீட்சையைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

பிடியும் நழுவலும்

‘ஃபர்கெட்’ என்ற சொல்லையே முதலில் பிரித்துப் பாருங்கள். ‘கெட்’ என்றால் பெறுதல். அதன் ஆதிப்பொருள் கையால் பற்றுதல். ‘ஃபர்’ என்பது பழைய இங்கிலீஷில் அகன்று போவதையும் இழப்பதையும் குறித்த ஒரு முன்னொட்டு. ஆகவே ‘ஃபர்கெட்’ என்றால் பிடியை விட்டுவிடுதல் என்பதே மூலப்பொருள். ‘ரிமெம்பர்’ என்பதோ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘மெமர்’ என்றால் ஒன்றை மனத்தில் கொண்டிருப்பவன். ‘ரி’ என்றால் மீண்டும். மனத்தில் மீண்டும் கொள்ளுவதே ஞாபகம்.

நம் பாஷையில் இந்த ஏற்பாடு வேறாக இருக்கிறது. ‘நினைத்தல்’ என்ற ஒரே சொல்லால் எண்ணுவதையும் சொல்கிறோம், கடந்ததை மனத்திற்குக் கொண்டுவருவதையும் சொல்கிறோம். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘ஞாபகம்’ என்ற சொல்லுக்கு அங்கே ‘அறிவிப்பது’ என்று பொருள். பேசும்போதும் நாம் ‘எனக்கு ஞாபகம் வந்தது’ என்கிறோம். ‘ஞாபகம் வரவில்லை’ என்கிறோம். ஞாபகம் ஒரு விருந்தாளி. அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நாம் திண்ணையில் காத்திருப்பவர்கள். இங்கிலீஷ்காரன் ‘ஐ ஃபர்காட்’ என்னும்போது கர்த்தா அவனே. கையில் இருந்ததை அவன்தான் விட்டான்.

இந்தக் குற்றத்தைச் சுமக்க அவனுக்கும் சில வேளைகளில் மனம் வருவதில்லை. அப்பொழுது ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’ என்பான். விஷயம் தானாகவே மனத்திலிருந்து நழுவி விழுந்துவிட்டதாம்! விழுந்தது விஷயத்தின் தவறு. அவன் பாவம், என்ன செய்வான்? நாம் ‘மறந்தேன்’ என்னாமல் ‘எனக்கு மறந்துபோயிற்று’ என்பதும் இதே சாதுரியந்தான். கடைக்குப் போனவன் உப்பு வாங்கத் தவறினால் இந்தத் தொடர் பொருந்தும். சிநேகிதனுடைய கடிதத்திற்குப் பதில் போடத் தாமதித்தாலும் பொருந்தும். கடன் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதவனும், இரவெல்லாம் ரயிலடியில் ஒருவரைக் காத்திருக்கவைத்தவனும் இதைச் சொன்னால், இங்கிலீஷ் தெரிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். சிறு தவறுக்குரிய போர்வை அது. பெரிய தவறை மூட அதற்கு நீளம் போதாது.

இருதயமா, மூளையா?

மனப்பாடம் செய்வதை இங்கிலீஷில் ‘லேர்ன் பை ஹார்ட்’ என்கிறார்கள். இருதயத்தால் கற்பது என்று பொருள். பிரெஞ்சிலும் அதே பிரயோகம் இருக்கிறது. ‘பை ஹார்ட்’ என்ற வழக்கு சாஸர் என்னும் கவி வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷில் வழங்கியது. அறிவும் உணர்ச்சியும் குடியிருக்கும் இடம் இருதயமே என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கருதினார். மூளைக்கு அந்த ஸ்தானத்தைக் கொடுத்தவர்கள் வேறு சிலர். வைத்தியர்களின் வாதத்தில் மூளை வென்றுவிட்டது. பேச்சு வழக்கில் இருதயம் இன்னும் தோற்கவில்லை. ‘ரெகார்ட்’ என்று நாம் நித்தியமும் சொல்கிறோமே, அதற்குள்ளும் இருதயம் இருக்கிறது. லத்தீனில் ‘கார்’ என்றால் இருதயம். மீண்டும் இருதயத்திற்குக் கொண்டுவருவதே ‘ரெகார்ட்’. கச்சேரிக் காகிதக் கட்டுகளுக்கு இவ்வளவு மிருதுவான பூர்வீகம் இருக்குமென்று யார் எண்ணுவார்கள்?

இங்கே நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘பாடத்தைப் பைஹார்ட் பண்ணு’ என்று நாம் தமிழிலே பேசிப்பேசி, இங்கிலீஷிலும் ‘ஐ பைஹார்ட்டட் தி லெஸன்’ என்று எழுதிவிடுகிறோம். இந்தியாவுக்கு வெளியே இதைப் புரிந்துகொள்பவர் அரியர். ‘பை ஹார்ட்’ என்பது அவர்களுக்கு வினையே அன்று. எப்படிக் கற்றான் என்பதைக் காட்டும் அடைமொழி மாத்திரம். ‘ஐ லேர்ன்ட் தி லெஸன் பை ஹார்ட்’ என்றோ, ‘ஐ கமிட்டட் இட் டு மெமரி’ என்றோ சொல்ல வேண்டும். இரண்டாவது தொடரில் உள்ள ‘கமிட்’ என்பதற்கு ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தல் என்று பொருள். பாடத்தை ஞாபகம் என்னும் காவற்காரனிடம் ஒப்படைத்து வருகிறோம்.

அந்தக் காவற்காரன் எவ்வளவு நம்பகமானவன்? ஜெர்மனியில் எபிங்ஹௌஸ் என்ற மனோதத்துவ அறிஞர் இதைத் தம்மிடமே பரீட்சித்துப் பார்த்து 1885-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை அடுக்கி அவற்றை நெட்டுருப்போடுவார். பிறகு சில காலம் விட்டு, மீண்டும் அதே அடுக்கைக் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிடுவார். ஒரு மணி நேரம் கழிந்தபோது முதல் உழைப்பில் பாதிக்கும் குறைவாகவே பயன் மிஞ்சியது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பொருள் அறியாமல் உருப்போடுவதன் பலன் இவ்வளவுதான். மரபுத்தொடர்ப் பட்டியலைச் சித்திரமில்லாமல் நெட்டுருப்போடும் பிள்ளையின் கதியும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

மூளையைக் கொண்டும் ஒரு தொடர் உண்டு: ‘டு ராக் ஒன்ஸ் பிரெயின்ஸ்’. ஞாபகத்திற்கு வராத ஒன்றை எப்படியாவது வரவழைக்கப் பாடுபடுவது என்று பொருள். ‘ராக்’ என்பது பழைய காலத்துச் சித்திரவதைக் கருவி. ஒரு மரச்சட்டத்தில் குற்றவாளியைக் கிடத்திக் கைகால்களைக் கயிற்றால் கட்டி, உருளைகளைச் சுழற்றி இழுப்பார்கள். லண்டன் கோபுரச் சிறையில் அத்தகைய யந்திரம் இருந்தது. உண்மையை மறைக்கும் கைதியாகத் தன் மூளையையே அந்தச் சட்டத்தில் ஏற்றி, ‘சொல், சொல்’ என்று இழுக்கிறான் இங்கிலீஷ்காரன். நாம் மூளையைக் கசக்குவதோடு திருப்தி அடைகிறோம்.

நாக்கின் நுனியில்

தெரிந்த பெயர், நேற்றுக்கூடச் சொன்னோம், இன்றைக்கு வேண்டும்போது வாயில் வரமாட்டேன் என்கிறது. இந்த அவஸ்தையை இங்கிலீஷில் ‘ஆன் தி டிப் ஆஃப் மை டங்’ என்பார்கள். நாக்கின் நுனியில் நிற்கிறதாம். நமக்கு அது தொண்டையிலேயே நின்றுவிடுவதும் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1890-இல் வெளியான தமது மனோதத்துவ நூலில் இந்த நிலையைப் பற்றி ஒரு நுட்பமான கருத்தைச் சொன்னார். மனத்தில் அப்பொழுது இருப்பது சும்மா ஒரு வெற்றிடம் அன்று. தப்பான பெயரை யாராவது எடுத்துக்கொடுத்தால், ‘இது அன்று’ என்று உடனே தள்ளிவிடக்கூடிய வெற்றிடம் அது என்றார்.

ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோஜர் பிரௌன், டேவிட் மெக்நீல் என்ற இருவர் 1966-இல் இதைப் பரிசோதித்து எழுதினார்கள். வழக்கில் அருகிய சொற்களின் பொருளைப் படித்துக்காட்டி, ‘இதற்கு என்ன சொல்?’ என்று மாணாக்கர்களைக் கேட்டார்கள். சொல் நாக்கு நுனியில் நிற்கிறது என்று தவித்தவர்களிடம், ‘முதல் எழுத்து என்ன? எத்தனை அசை?’ என்று வினவினார்கள். சொல்லைச் சொல்ல முடியாதவர்கள் இவற்றைப் பல தடவை சரியாகச் சொன்னார்கள்! வீடு தெரியாவிட்டாலும் தெரு தெரிந்திருந்தது. மற்றோர் அறிஞர் 1999-இல் 51 பாஷைகளை விசாரித்துப் பார்த்ததில், 45 பாஷைகளிலே இந்த நிலையைச் சொல்ல நாக்கே உதவுகிறது என்று கண்டார். கொரியர்கள் சொல் நாக்கின் முனையில் மினுமினுக்கிறது என்கிறார்களாம். எவ்வளவு அழகு!

இதற்கு ஒரு படி கீழே உள்ளது ‘ரிங்ஸ் எ பெல்’. ஒரு பெயரைக் கேட்டதும் உள்ளே எங்கேயோ ஒரு மணி அடிக்கிறது, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை. நாம் ‘எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே’ என்போம். நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி இந்தத் தொடரைச் சொல்லக் கூடாது. அரைகுறை ஞாபகத்திற்கே அது உரியது.

மணியும் அடிக்கவில்லை, நாக்கிலும் ஒன்றுமில்லை என்றால் ‘ஐ ட்ரூ எ பிளாங்க்’ என்று கைவிரித்துவிட வேண்டியதுதான். இது குலுக்குச்சீட்டிலிருந்து வந்த வழக்கு. அந்தக் காலத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து சீட்டு வாங்கியவனின் பெயரையும், மற்றொன்றிலிருந்து அவன் பரிசையும் எடுப்பார்கள். பரிசு எழுதாத வெற்றுச் சீட்டுக்கே ‘பிளாங்க்’ என்று பெயர். எலிஸபெத் ராணியின் காலத்தில் 1567-இல் அறிவிக்கப்பட்டு 1569-இல் குலுக்கப்பட்ட முதல் அரசாங்கக் குலுக்கலை, வெற்றுச் சீட்டே இல்லாதது என்று விளம்பரம் செய்தார்கள். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட உத்தரவாதத்தை யார் தருவார்?

சல்லடையும் நெய்யரியும்

ஞாபகசக்தி இல்லாதவனைப் பற்றி இங்கிலீஷில் ‘மெமரி லைக் எ ஸீவ்’ என்பார்கள். சல்லடை போன்ற மனம். எதை ஊற்றினாலும் நிற்காது. இதைக் கேட்டவுடன் தமிழ் படித்தவர்களுக்கு நன்னூல் நினைவுக்கு வரும். பவணந்தி முனிவர் மாணாக்கர்களை எட்டு உவமைகளால் தலை, இடை, கடை என்று வகுத்தார். கடை மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் ஓட்டைக் குடமும் ஒன்று, நெய்யரியும் ஒன்று. ஓட்டைக் குடம் இங்கிலீஷ்காரரின் சல்லடைக்கு நேர். நெய்யரியோ வேறு. அது நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லதை மறந்து தீயதை மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் மாணாக்கனுக்கு அது உவமை. மறதி ஒரு குறை. தவறானதை மறவாமை அதைவிடப் பெரிய குறை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கவனியாதவனைப் பற்றிய தொடரில் மாத்திரம் இரண்டு பாஷைகளும் ஒன்றுபட்டுவிட்டன. ‘இன் ஒன் இயர் அண்டு அவுட் தி அதர்’ என்று அவர்கள் சொல்வதை நாம் ‘இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறான்’ என்கிறோம். சாஸர் எழுதிய ‘டிராய்லஸும் கிரிஸெய்டும்’ என்ற காவியத்திலேயே இந்தக் கருத்து வருகிறது. அறுநூறு வருஷங்களுக்கு முன்பும் உபதேசம் கேட்டவர்களின் காதுகள் இப்படித்தான் இருந்தன என்பது உபாத்தியாயர்களுக்கு ஓர் ஆறுதல்.

நல்ல ஞாபகத்திற்கு அவர்கள் யானையைச் சொல்வார்கள். யானை மறப்பதில்லை என்பது அவர்களிடையே ஒரு பழமொழிபோல் ஆகிவிட்டது. இது வெறும் கற்பனை அன்று. கென்யாவில் உள்ள அம்போஸெலி வனத்து யானைகளை ஆராய்ந்தவர்கள், கூட்டத்தை நடத்தும் கிழட்டுப் பெண் யானைக்கு வயது ஏற ஏற, பழகிய யானையின் குரலையும் அந்நியக் குரலையும் வேறு பிரித்தறியும் திறமை மிகுவதை 2001-இல் வெளியிட்டார்கள். தான்ஸானியாவில் தரங்கிரே என்ற இடத்தில் 1993-இல் கடும் வறட்சி வந்தபோது, முதிய பெண் யானைகள் தலைமை தாங்கிய கூட்டங்கள் வனத்தைவிட்டு வெளியே போய் அதிகக் கன்றுகளைக் காப்பாற்றின. 1958 முதல் 1961 வரை அங்கே நேர்ந்த பெரும் வறட்சியை அந்த முதியவை கண்டிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். நம் நாலடியாரோ யானையின் மறு பக்கத்தைக் காட்டுகிறது: பல நாள் பழகிய பாகனையே அது கொன்றுவிடும், வேலை எறிந்தவனிடமும் வால் குழைக்கும் நாயின் சிநேகமே மேல் என்கிறது அந்நூல்.

நெடுநாள் விட்டுவிட்ட வித்தை மீண்டும் கைவந்தால் ‘இட் இஸ் லைக் ரைடிங் எ பைசிக்கிள்’ என்பார்கள். ஒருமுறை கற்றால் சைக்கிள் மறக்காதல்லவா? இந்த வழக்கிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஹென்றி மொலாய்ஸன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் ரண சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற அம்மையார், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் ஒன்றைக் கோட்டின் வழியே வரையும்படி அவரைப் பழக்கினார். ஒவ்வொரு நாளும் அவர் இதைப் புதிது என்றே எண்ணினார். ஆனால் கை மாத்திரம் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. அவர் 2008-இல் காலமானார். ஞாபகத்தைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் ஒரு பெரும் பகுதி, ஞாபகத்தை இழந்த அந்த ஒருவர் கொடுத்தது.

நினைவூட்டும் வகைகள்

மறந்துவிடுவோம் என்று அஞ்சுகிறவர்கள் விரலில் நூலைக் கட்டிக்கொள்வது மேல்நாட்டு வழக்கம். கைக்குட்டையில் முடிச்சுப் போடுவதும் உண்டு. நம் தாய்மார்கள் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். மறந்தவனை மற்றொருவர் மெல்ல இடித்து நினைவூட்டுவது ‘ஜாக் ஹிஸ் மெமரி’. ‘ஜாக்’ என்றால் முழங்கையால் லேசாக ஓர் இடி. வகுப்பில் பக்கத்துப் பையன் செய்யும் உபகாரம் அது.

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் வழுக்கி விழும் பள்ளங்கள் மூன்று உண்டு. ‘ஞாபகம்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டே நாம் சமாளித்துவிடுவதால், ‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். ஞாபகம் வைத்துக்கொள்வது ‘ரிமெம்பர்’. பிறருக்கு ஞாபகப்படுத்துவது ‘ரிமைண்ட்’. ‘புஸ்தகம் கொண்டுவர எனக்கு ஞாபகப்படுத்து’ என்பதற்கு ‘ரிமைண்ட் மி’ என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது: ‘ரிமெம்பர் டு லாக் தி டோர்’ என்றால் கதவைப் பூட்ட மறவாதே என்று பொருள்; பூட்டுவது இனிமேல். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்’ என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. அது நடந்து முடிந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட குடும்பத்திற்கு இந்த வேறுபாடு இலக்கண விஷயம் மட்டுமன்று!

மூன்றாவது: ‘ரிமெம்பர் மி டு யுவர் ஃபாதர்’ என்று ஒருவர் விடைபெற்றால், ‘அவர் நம் தகப்பனாரிடம் என்ன காரியத்தை நினைக்கச் சொல்கிறார்?’ என்று மயங்க வேண்டாம். ‘அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்’ என்பதே அதன் தாத்பரியம். ‘விசாரித்தேன் என்று சொல்’ என்ற நம் வழக்கில் அன்பு கேள்வியாக வருகிறது. அவர்கள் வழக்கில் நினைவாகப் போகிறது.

மறப்பதற்கு ஒரு சட்டம்

இனி, முன்னே சொன்ன பெரிய விஷயத்துக்கு வருவோம். மறதியைக் குறையாகச் சொல்லும் தொடர்கள் இத்தனை இருக்க, மறதியைப் புண்ணியமாகச் சொல்லும் தொடர்களும் இங்கிலீஷில் இருக்கின்றன. ‘ஃபர்கிவ் அண்டு ஃபர்கெட்’ என்பது யாவரும் அறிந்தது. மன்னிப்பையும் மறப்பையும் சேர்த்துக் கேட்பதை ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் தன் மகள் கார்டீலியாவிடம் கெஞ்சும் இடத்தில் காணலாம். ‘வைப் தி ஸ்லேட் கிளீன்’ என்பது சிலேட்டைத் துடைத்துவிடுதல். சாராயக் கடையிலும் மளிகைக் கடையிலும் கடன் கணக்கைச் சிலேட்டில் எழுதிவைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. துடைத்துவிட்டால் கடன் இல்லை. ‘லெட் பைகான்ஸ் பி பைகான்ஸ்’ என்றால் போனது போகட்டும் என்பது.

‘பெரி தி ஹாட்செட்’, அதாவது கோடரியைப் புதைத்தல், பகையை விடுவதைக் குறிக்கும். வட அமெரிக்காவின் பூர்விகக் குடிகள் சிலர் சமாதானம் செய்துகொள்ளும்போது உண்மையாகவே கோடரியை மண்ணில் புதைத்தார்கள். அந்தச் சடங்கைக் கண்ட வெள்ளைக்காரர் அதைத் தம் பாஷையில் ஏற்றுக்கொண்டார்கள். ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் 1778 முதல் 1871 வரை அக்குடிகளோடு நூற்றுக்கணக்கான உடன்படிக்கைகள் செய்தது. அவற்றுள் பல மீறப்பட்டன. தொடர் ஞாபகத்தில் நின்றது, வாக்கு நிற்கவில்லை.

அரசாங்கமே மறதிக்குச் சட்டம் செய்ததும் உண்டு. கி.மு. 403-இல் ஏதென்ஸ் நகரத்தில் முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி ஒழிந்தபின், பழைய தீமைகளைக் கிளறுவதில்லை என்று பிரஜைகள் சத்தியம் செய்துகொண்டார்கள். பொது மன்னிப்பைக் குறிக்கும் ‘ஆம்னெஸ்டி’ என்ற சொல்லும், ஞாபகத்தை இழக்கும் நோயைக் குறிக்கும் ‘ஆம்னீஷியா’ என்ற சொல்லும் கிரேக்க பாஷையில் ஒரு வேரில் பிறந்த சகோதரிகள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரும் குடியரசும் முடிந்து இரண்டாம் சார்லஸ் 1660-இல் அரியணை ஏறியபோது, பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. அதன் பெயரிலேயே மறதி என்ற பொருள் தரும் ‘ஆப்ளிவியன்’ என்ற சொல் இருந்தது. பழைய பிளவை ஞாபகமூட்டும்படி ஒருவரை ஏசினால், மூன்று வருஷ காலம் வரையில், கனவானுக்கு 10 பவுனும் சாமானியனுக்கு 40 ஷில்லிங்கும் அபராதம் என்று விதித்தார்கள். இவ்வளவு செய்தவர்கள் மறந்தார்களா? முதலாம் சார்லஸின் மரணத்திற்குக் காரணமானவர்களைச் சட்டத்திலிருந்து விலக்கி, சிலரைக் கொன்றார்கள். 1658-இலேயே இறந்துவிட்ட கிராம்வெல்லின் உடலை 1661-ஆம் ஆண்டு ஜனவரியில் தோண்டி எடுத்துத் தூக்கில் தொங்கவிட்டார்கள்! மறதியைச் சட்டத்தால் விதிக்கலாம். மனத்தால் அல்லவா அதை நிறைவேற்ற வேண்டும்?

மறவாமையைக் கோரும் வாசகமும் ஒன்றுண்டு. பம்பாயில் பிறந்த கிப்ளிங், விக்டோரியா ராணியின் அறுபதாண்டு விழாவை ஒட்டி 1897-இல் ஒரு பாட்டு எழுதினார். சாம்ராஜ்யத்தின் செருக்கில் நாம் தெய்வத்தை மறந்துவிடக் கூடாது என்று தம்மவரை எச்சரித்த பாட்டு அது. அதிலே திரும்பத் திரும்ப வரும் சிறு தொடரொன்றை, 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்திற்குப்பின், மாண்ட வீரர்களின் நினைவுக் கற்களில் பொறித்தார்கள். செருக்குற்றவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை, இறந்தவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலி ஆகிவிட்டது. கல்லிலே சொற்கள் நின்றன. எதற்காகச் சொல்லப்பட்டன என்பது பலருக்கு மறந்துபோயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. ‘போனது போகட்டும்’ என்று சொல்ல உரிமை உடையவர் யார்? சிலேட்டைத் துடைக்கக் கடைக்காரனுக்கு உரிமை உண்டு. கடனாளியே ஈரத்துணியோடு வந்து நின்றால் அதை என்னவென்று சொல்வது? அடித்தவன் ‘மறந்துவிடுவோம்’ என்றால் அது வசதி. அடிபட்டவன் சொன்னால் அது பெருந்தன்மை. சொற்கள் ஒன்றே, சொல்லும் வாய் வேறு. வீட்டில் அண்ணன் தம்பியைக் குட்டிவிட்டு ‘சரி, மறந்துவிடு’ என்று சமாதானம் பேசும்போதும் இதே நியாயந்தான். நாடுகளுக்கிடையிலும் வேறு நியாயம் இல்லை. ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களைப் பார்த்துப் ‘பழங்கதை எதற்கு?’ என்று கேட்பதை நம் தேசம் நன்றாக அறியும்.

திருவள்ளுவர் பெற்ற உபகாரத்தை மறவாதே என்றார். பட்ட தீங்கை அந்த நாளிலேயே விட்டுவிடு என்றார். இரண்டு புத்திமதிகளும் யாருக்கு என்று கவனியுங்கள். உதவி பெற்றவனுக்கும் தீங்கு பட்டவனுக்குமே அவர் சொன்னார். தீங்கு செய்தவனிடம் ‘நீ செய்ததை மறந்துவிடு’ என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவன் ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். நெய்யரியைத் தலைகீழாக்கி, கசடை விட்டு நெய்யை வைத்துக்கொள்ளும் வித்தை இது. பாதிக்கப்பட்டவனுடைய மனத்தில்தான் அது நடக்க முடியும்.

ஆகையால், அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை மரபுத்தொடர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்தால், அதைச் சற்று மூடிவைக்கச் சொல்லுங்கள். தொடரைச் சொல்லி, ‘இதற்குள்ளே என்ன படம் தெரிகிறது?’ என்று கேளுங்கள். சிலேட்டு, கோடரி, சல்லடை, மணி எல்லாம் ஒவ்வொன்றாக வரட்டும். பிறகு, ‘இதை யார், யாரிடம், எப்பொழுது சொல்லலாம்?’ என்றும் கேளுங்கள். முதற் கேள்விக்கு விடை சொன்ன பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும். இரண்டாவதற்கும் விடை சொல்லப் பழகினால், அந்தப் பிள்ளை எந்தப் பாஷையில் பேசினாலும் அதன் பேச்சை நம்பலாம்.